தேய்த்துக் குளித்துப் போன புதன்கிழமை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து நேராக நிற்காது. கோடு போட்ட கொப்பியில் எழுதினாலும் கோட்டை விட்டு ஏறும், இறங்கும். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். போதாததற்கு, விரல்களும் இப்போது பேனையைச் சரியாகப் பிடிப்பதில்லை. இதை மூன்று தடவை தொடங்கிக் கிழித்துப் போட்டேன். இது நாலாவது.

எனக்கு சொரியாசிஸ் என்ற தோல் வருத்தம். முழங்கை, முழங்கால், தலை, இன்னும் சொல்லக் கூசுகிற இடங்கள். தோல் சிவந்து தடித்து, அதன் மேல் வெள்ளையாகச் செதில் கட்டி உதிரும். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது என்று கிளினிக்கில் சொன்னார்கள். அதை எதிரே வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு போக முடியுமா? நான் கடையில் தேநீர் கேட்பதற்கே இரண்டு தரம் தொண்டையைச் செருமுகிறவன்.

வேலை கொழும்பு வெள்ளவத்தையில், காலி நகருக்குப் போகிற பெரிய வீதியில் ஒரு சேலைக் கடையில். கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டைக்குப் போய் பஸ் மாறிப் போக வேண்டும். இடம் இருந்தாலும் நான் உட்காருவதில்லை, நின்றுகொண்டே போவேன். கடையில் என் வேலை மடிப்பது. கல்யாண வீட்டுக்காரர் ஒரு குடும்பம் வந்து போனால் மேசை மேல் நாற்பது சேலை விரிந்து கிடக்கும். அவற்றைப் பழைய மடிப்பிலேயே மடித்து, கரை வெளியே தெரியும்படி அடுக்க வேண்டும். முன்பு முன்பக்கத்தில் நின்று மடித்தேன். ஒரு நாள் ஒரு அம்மா கருநீலப் பட்டு ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இதென்ன, உப்புக் கொட்டிக் கிடக்கு?" என்று கேட்டார். உப்பு இல்லை. அன்று பின்னேரம் முதலாளி என்னைப் பின்னறைக்கு மாற்றினார். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. அதனாலேயே எனக்குக் கூடுதலாக வலித்தது.

அன்றிலிருந்து காலையில் பீர்க்கங்காய் நாரால் தேய்த்துக் குளித்து, உதிரக்கூடியதை எல்லாம் வீட்டிலேயே உதிர்த்துவிட்டு, தேங்காய் எண்ணெய் பூசி, முழுக்கைச் சட்டை போட்டுத்தான் வெளியே இறங்குவேன். எனக்கு இது பல் தீட்டுவது மாதிரி.

மாதம் ஒரு புதன்கிழமை ஆஸ்பத்திரியின் தோல் கிளினிக். அங்கே கதவோரத்து வாங்கு, அந்த நீளப் பெஞ்சுதான், எனக்குப் பிடித்த இடம். வாங்கின் முனையில் பாதி நின்றும் பாதி சாய்ந்தும் இருக்கலாம். திரை பாதி விலகியிருந்தால் உள்ளே நடப்பது காதில் விழும். தோல் வைத்தியம் படிக்க வந்த இளம் டொக்டர்மார் மூன்று நான்கு பேர் அங்கே இருந்தார்கள். எல்லோரும் ஏற்கெனவே டொக்டர்கள்தான். ஆனாலும் ஒவ்வொருவரிடமும் பள்ளிப் பிள்ளை மாதிரி ஒரு கொப்பி இருந்தது. இன்ன வேலையை இவருக்குச் சரியாகச் செய்யத் தெரியும் என்று பெரிய டொக்டர் பக்கத்திலிருந்து பார்த்து, அதில் கையெழுத்து வைக்க வேண்டும்.

பெரிய டொக்டர் சத்தம் போடுகிறவர் அல்ல. ஒரு நாள் ஒரு இளம் டொக்டர் ஒரு கிழவரின் சாரத்தை முழங்காலுக்கு மேல் ஏற்றிப் பார்த்துவிட்டு, அப்படியே விட்டுவிட்டு மேசைக்கு எழுதப் போனார். பெரிய டொக்டர் ஒன்றும் பேசாமல் போய், தானே சாரத்தை இறக்கிவிட்டு, அதன் பிறகு சிங்களத்தில் சொன்னார்: "திறந்தவர்தான் மூட வேண்டும்." இன்னொரு நாள், "பார்க்காத இடத்தை நல்லாயிருக்கு என்று எழுதக்கூடாது. பார்க்கவில்லை என்று எழுது" என்றார். சேலைக் கடையில் வேலை செய்கிற எனக்கு இது நன்றாகப் புரிந்தது. விரித்துப் பார்க்காத சேலையில் கிழிசல் இல்லை என்று நானும் சொல்ல மாட்டேன்.

அந்த இளம் டொக்டர்மாரில் ஒரு சிங்களப் பெண் பிள்ளை இருந்தார். மெலிந்தவர், கண்ணாடி போட்டவர். ஆளைப் பார்க்கும்போது "ஒலுவ, கன், கட்ட, நியபொத்து" என்று உதட்டுக்குள்ளே சொல்லிக்கொள்வார். தலை, காது, வாய், நகம். எதையும் விட்டுவிடக் கூடாது என்ற பயம். என்னை அவர் ஒருபோதும் பார்த்ததில்லை. நான் எப்போதும் மற்ற மேசைக்குத்தான் போவேன். ஆனால் அவருக்கு ஒரு தரம் கையெழுத்துக் கிடைக்காமல் போனது எனக்குத் தெரியும். அன்று அவர் வெளியே வந்து, கை கழுவுகிற இடத்தில், கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றார்.

பிறகு ஒரு நாள், மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடுகிற கிளினிக் நேர்ஸ், யாழ்ப்பாணத்துக்காரி, என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அண்ணை, வாற புதன் ஒருக்கா வாங்கோவன். அந்தப் பிள்ளை உங்களைப் பாக்கும், பெரியவர் பக்கத்தில இருந்து பாப்பார். உங்களை அவவுக்குத் தெரியாதெல்லே, அதுதான்."

"நான் என்ன செய்யணும் மிஸ்ஸி?"

"ஒண்டும் செய்ய வேண்டாம். வருத்தத்தின்ர பேரை மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. எப்பவும் வாற மாதிரி வாங்கோ." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இந்த முறையும் கையெழுத்துக் கிடைக்காட்டி அது வாற சோதினைக்குப் போகேலாது. பாவம், பிள்ளை சாப்பிடுறதுமில்லை."

நான் தலையாட்டினேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குள் ஒரே பரபரப்பு. என்னை நம்பி ஒரு பிள்ளையின் சோதனை. பெரிய டொக்டர் முன்னால், வெளிச்சத்துக்குக் கீழே, சட்டையில்லாமல் நான். எப்படிப் போய் நிற்பது?

ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிட்டேன். கிளினிக்கில் தந்த செதில் கரைக்கும் களிம்பை அள்ளிப் பூசி, மேலே பொலித்தீனைச் சுற்றிக் கட்டினேன். திங்களும் அப்படி, செவ்வாயும் அப்படி. புதன் காலையில் வெந்நீரில் ஊறி, நாரால் தேய்த்துக் குளித்தேன். தலைக்கு இரண்டு தரம் ஷாம்பு. நகங்களை ஒட்ட வெட்டினேன். எண்ணெய் பூசி, கழுத்தில் பவுடரும் போட்டுக்கொண்டேன். கண்ணாடியில் முழங்கையைப் பார்த்தால் குழந்தையின் கன்னம் மாதிரி இருந்தது. பதினொரு வருடத்தில் அப்படி இருந்ததே இல்லை.

"என்னங்க இது, பொண்ணு பாக்கப் போற மாப்ள மாதிரி!" என்றாள் மனைவி.

"பெரிய டொக்டருங்க பாக்குறாங்க. அசிங்கமாவா போறது?"

"அவங்க அசிங்கத்தப் பாக்கத்தானே கூப்டாங்க?"

சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன். அந்த நேரமாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

கிளினிக்கில் அந்தப் பிள்ளை திரையை இழுத்து மூடிவிட்டு, தன் பெயரைச் சொன்னார். தமிழில், மெதுவாக. "ஐயா, உங்களப் பாக்கலாமா? வேணாம்னா சொல்லுங்க, நிப்பாட்டுறன்." கையைக் கழுவித் துடைத்து, குளிர் போக ஒன்றோடொன்று உரசிக்கொண்டார். மூலையில் பெரிய டொக்டர் ஒரு தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மரத்தால் செய்த மனிதர் மாதிரி அசையவில்லை.

சட்டையைக் கழற்றினேன். விளக்கை முழங்கைக்கு மேல் கொண்டுவந்தார். பார்த்தார். விரலால் தடவினார். ஒரு மெல்லிய மரக் குச்சியால் மெதுவாகச் சுரண்டினார். ஒன்றும் வரவில்லை. வழுவழுப்பான ஒரு சிவப்புத் தோல், அவ்வளவுதான். மற்ற முழங்கையைப் பார்த்தார். பிறகு முழங்கால். திரும்பவும் முழங்கை. "ஒலுவ" என்று உதடு அசைந்தது. தலைமுடியை வகிர்ந்து பார்த்தார். அங்கேயும் ஷாம்பு மணம்தான். அவருடைய கழுத்தில் வேர்வை ஒரு கோடாக இறங்குவதைக் கண்டேன்.

"ஐயா, இதுக்கு ஏதும் பூசினதா?"

களிம்பு என்று சொன்னால் எந்தக் களிம்பு என்று கேட்பார். களிம்பைச் சொன்னால் வருத்தத்தைச் சொன்ன மாதிரி. சொல்ல வேண்டாம் என்றுதானே மிஸ்ஸி சொன்னார்? நான் இல்லை என்று தலையாட்டினேன்.

அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கைகளை எடுத்து, ஒவ்வொரு நகத்தையும் ஒரு சிறிய கண்ணாடிக் கருவியை வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். என் நகங்களில் ஊசி குத்தியது மாதிரிக் குழிகள் உண்டு. அவற்றை எந்த நாராலும் தேய்த்து எடுக்க முடியாது.

"காலையில எழும்பினா விரல் இறுக்கமா இருக்குதா?"

"இருக்கு. சேல மடிக்கிறதால."

"எவ்வளவு நேரம்?"

"ஒன்பது மணி வரைக்கும்."

அதை எழுதிக்கொண்டார். பிறகு, இடுப்புக்குக் கீழே முதுகின் அடியையும் பார்க்கலாமா என்று கேட்டார். என் கை தானாகப் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டது. ஆண் நேர்ஸ் ஒருவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். நான் தலையாட்டினேன். வேண்டாம்.

"சரி ஐயா. வேணாம்." என் சட்டையைத் தானே எடுத்துத் தந்தார். நான் பொத்தான் போட்டு முடியும் வரை திரும்பி நின்றார்.

பிறகு பெரிய டொக்டரிடம் சிங்களத்தில் சொன்னது எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. நகத்தைப் பார்த்தால் ஒரு சந்தேகம் வருகிறது, தோலில் அதற்கான செதில் இல்லை, ஒரு இடத்தைப் பார்க்கவில்லை, உறுதியாகச் சொல்ல முடியாது. குரல் போகப்போகச் சிறுத்துக்கொண்டே போயிற்று. பெரிய டொக்டர் தாளில் ஏதோ எழுதினார். கொப்பியைத் திறக்கவில்லை. "பிறகு பார்ப்போம்" என்று எழுந்து போனார்.

நான் வெளியே வந்ததும் மிஸ்ஸி என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஐயோ அண்ணை! உரிச்ச கோழி மாதிரியெல்லோ வந்து நிக்கிறியள்! எப்பவும் வாற மாதிரி வாங்கோ எண்டெல்லோ சொன்னனான்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கதவு பத்து அடி தூரத்தில் இருந்தது. உள்ளே போய், நான்தான் தேய்த்து எடுத்தேன், நான்தான் பொய் சொன்னேன் என்று இரண்டு வசனம் சொன்னால் போதும். ஆறு அடி போனேன். உள்ளே யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. திரும்பிவிட்டேன்.

பஸ்ஸில் இறங்க மறந்து, கொட்டாஞ்சேனையைத் தாண்டி முகத்துவாரம் வரை போய்விட்டேன். அங்கிருந்து நடந்தே வந்தேன். அடுத்த நாள் கடையில் கை ஒரு இடத்தில் நிற்கவில்லை. என்னோடு மடிக்கிற கொம்பனித்தெரு நண்பர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன மச்சான், ஒரே சீலய நாலு தரம் மடிக்கிறீங்க? அது உங்களுக்கு என்ன பாவம் செஞ்சிச்சு?"

நான் அவரிடம் நடந்ததைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அவர் கையில் இருந்த சேலையைக் கீழே வைத்தார்.

"போய்ச் சொல்லுங்களேன்."

"எப்படி?"

"வாயால."

வாயால் முடியாது என்று எனக்குத் தெரியும். அந்த வெள்ளிக்கிழமை காலையில் நாரைக் கையில் எடுத்தேன், திரும்பக் கொளுக்கியில் மாட்டினேன். களிம்பையும் தொடவில்லை. எண்ணெயும் பூசவில்லை. தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அந்த நாட்களை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. தோல் இழுத்தது, வெடித்தது, அரித்தது. சொறியக் கூடாது என்று கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன், நடந்தேன், மாடிப்படியில் ஏறினேன், இறங்கினேன். திங்கட்கிழமை கறுப்புச் சேலை ஒன்றின் மேல் முதல் செதில் விழுந்தது. நண்பர் கண்டுவிட்டார்.

"நுவரெலியாவுலதான் பனி விழும்னு கேள்விப்பட்டேன். வெள்ளவத்தையிலயுமா?"

எனக்கு முகம் எரிந்தது. அவர் மேசைக்கு இந்தப் பக்கம் வந்து, என் முன்னால் கிடந்த கருநீலம், கறுப்பு, அரக்கு எல்லாவற்றையும் வாரித் தன் பக்கம் போட்டுக்கொண்டார். "வெள்ளயும் சந்தனமும் நீங்க எடுங்க. புதன் வரைக்கும்தானே?" என்றார்.

புதன்கிழமை அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். பஸ்ஸில் என் பக்கத்தில் நின்ற பெண் என் முழங்கையைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் தள்ளி நின்றாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"உங்கட திகதி இண்டைக்கு இல்லையே அண்ணை?" என்றார் மிஸ்ஸி.

"பெரிய டொக்டரப் பாக்கணும்."

"ஏன்?"

"போன கிழமை ஒரு பொய் சொல்லிட்டேன்."

மிஸ்ஸி என் முழங்கையைப் பார்த்தார். உடனே உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அங்கே அந்தப் பிள்ளையும் நின்றார். பெரிய டொக்டர் என்னை உட்காரச் சொன்னார். நான் நின்றேன். வரும் வழியெல்லாம் சிங்களத்தில் சொல்லிப் பார்த்த இரண்டு வசனத்தையும் சொன்னேன். நான்தான் தேய்த்தேன். நான்தான் இல்லை என்று தலையாட்டினேன். பிழை அவருடையது இல்லை.

பெரிய டொக்டர் பேனையை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அன்று நீங்கள் உள்ளே வரும்போதே எண்ணெய் மணந்தது" என்றார். "இவருக்கும் மணந்திருக்கும். கேட்டார். நீங்கள் தலையாட்டினீர்கள். இவர் விட்டுவிட்டார்." மேசையிலிருந்து அன்றைய தாளை எடுத்து ஒரு வரியை வாசித்தார். "இடுப்புக்குக் கீழே பார்க்கவில்லை. நோயாளி விரும்பவில்லை. மறுபடி கேட்க வேண்டும்." தாளை வைத்தார். "பெயர் சொல்ல முடியாததற்காக நான் கையெழுத்தை நிறுத்தவில்லை. இந்த ஒரு இடத்துக்கு மறுபடி கேட்க வேண்டும் என்று எழுதியதை, ஏதும் பூசினதா என்ற கேள்விக்கும் எழுதியிருக்க வேண்டும்."

பிறகு அந்தப் பிள்ளையின் பக்கம் திரும்பி, "ஆயெத் அஹன்ன" என்றார். மறுபடி கேள்.

அந்தப் பிள்ளை ஒரு கதிரையை இழுத்து என் முன்னால் போட்டு உட்கார்ந்தார். நான் நின்றதால் அவருடைய முகம் என் முகத்துக்குக் கீழே இருந்தது. அது எனக்கு லேசாக இருந்தது.

"ஐயா, நீங்க ஒவ்வொரு நாளும் காலையில எழும்பி வேலைக்குப் போற வரைக்கும் என்ன என்ன செய்றது? மெதுவா சொல்லுங்க."

ஆம், இல்லை என்று தலையாட்டக்கூடிய கேள்வி அல்ல அது. சொன்னேன். நாரைச் சொன்னேன், எண்ணெயைச் சொன்னேன், பொலித்தீனைச் சொன்னேன். கருநீலப் பட்டையும் அந்த அம்மாவையும் பின்னறையையும் சொன்னேன். என் வாழ்நாளில் ஒரு இடத்தில் அவ்வளவு நேரம் நான் பேசியதில்லை. அவர் இடையில் பேசவில்லை. முடிந்ததும் கேட்டார்.

"பஸ்ஸில எப்பிடிப் போறது?"

"நின்னுக்கிட்டு."

"இடம் இருந்தாலும்?"

நான் பதில் சொல்லவில்லை. அவரும் விடவில்லை, காத்துக்கொண்டிருந்தார். "உக்கார முடியாது" என்றேன்.

"அந்த இடத்த இப்ப பாக்கலாமா ஐயா?"

ஆண் நேர்ஸ் ஒருவர் வந்தார். திரை மூடியது. பெல்ட்டை அவிழ்க்க எனக்கு வெகுநேரம் பிடித்தது, விரல்கள் வளையவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை. அங்கே தோல் வெடித்திருப்பது எனக்குத் தெரியும். இரண்டு வருடமாக மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. பார்த்து முடிந்ததும் அவர் சட்டையை இறக்கிவிட்டார். திறந்தவரே மூடினார். முழங்கைக்குப் பூசுகிறதை அங்கே பூசக் கூடாது, அது அந்த இடத்துக்குக் கடுமை என்று சொல்லி, வேறு ஒரு மெல்லிய களிம்பு எழுதினார். விரல்களுக்கு எக்ஸ்-ரே எழுதி, மூட்டு கிளினிக்குக்கும் துண்டுச் சீட்டு தந்தார். விரல் இறுக்கத்துக்குச் சேலை மட்டும் காரணமாக இருக்காது என்றார்.

போகும்போது, "ஐயா, கதைக்க கஷ்டம்னா எழுதிக்கொண்டு வாங்க. எனக்குத் தமிழ் வாசிக்க மெதுவாத்தான் ஏலும். ஆனா வாசிப்பன்" என்றார்.

வெளியே மிஸ்ஸி ஓடி வந்தார். "வச்சிட்டார், வச்சிட்டார்! கையெழுத்து வச்சிட்டார். நீங்கள் முதல்ல இந்தத் தலையாட்டுறதை விடுங்கோ அண்ணை."

நான் தலையாட்டினேன்.

எக்ஸ்-ரே எடுத்தாயிற்று. மூட்டு கிளினிக் திகதி இன்னும் வரவில்லை. விரல்கள் இனிமேல் எப்படி ஆகும், எத்தனை வருடம் மடிக்க முடியும் என்று நினைத்தால் எழுந்து நடக்கத் தோன்றுகிறது. இதை எழுதும்போதே ஐந்தாறு தரம் எழுந்து போய்விட்டு வந்தேன். பஸ்ஸில் இப்போது உட்கார்ந்து பார்க்கிறேன். இரண்டு பஸ் தரிப்பிடம் வரைக்கும் முடிகிறது. பிறகு எழுந்துவிடுவேன்.

அடுத்த கிளினிக்கில் இந்தக் கொப்பியை அந்தப் பிள்ளையிடம் கொடுக்க வேண்டும். மெதுவாக வாசிக்கிறவருக்கு என் எழுத்து பெரிய பாடுதான். இன்று நான் தேய்த்துக் குளிக்கவில்லை. தாள்களுக்கு இடையில் ஏதாவது வெள்ளையாகக் கிடந்தால் ஊதிவிட்டு வாசிக்கவும். ஒட்டாது.

கொட்டாஞ்சேனை,
நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை.